செத்த பேட்டரி, சாகாத மோட்டார்

*கையில் பிடித்து ஓட்டும் வாக்குவம் கிளீனரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மோட்டார் அல்ல, உள்ளே இருக்கும் ஐந்தாறு செல்கள். அவற்றை மாற்றினால் கருவி பிழைக்கும். ஆனால் மாற்ற விடுவார்களா, மாற்றுவது எப்படி, போலிகளிடமிருந்து தப்புவது எப்படி என்பதெல்லாம் தனிக்கதை.*

அறிகுறிகள் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கிய புதிதில் இருபது நிமிடம் ஓடிய கருவி, இரண்டாவது தீபாவளிக்குள் பத்து நிமிடத்துக்கு இறங்கிவிடும். மூன்றாவது தீபாவளியில் சோபாவின் ஒரு பக்கம் முடிவதற்குள் மூச்சு வாங்கும். அதன்பிறகு இரவெல்லாம் சார்ஜில் கிடந்து, காலையில் சமர்த்தாகப் பச்சை விளக்கைக் காட்டும். சுவிட்சை அழுத்தினால் அரை நிமிடம் உறுமிவிட்டு அடங்கிவிடும். பரணில் ஏறுவது அடுத்த கட்டம். பழைய சாமான் வாங்குபவரின் சாக்கு கடைசிக் கட்டம்.

இத்தனைக்கும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விசிறி சுழலும். உறிஞ்சும் குழாயும் வடிகட்டியும் அப்படியேதான் இருக்கும். போனது பேட்டரி பேக் மட்டுமே. ஒரு கருவியின் மற்ற பாகங்கள் பத்து ஆண்டு உழைக்கத் தயாராக இருக்கும்போது, ஒரு பாகம் மூன்று நான்கு ஆண்டில் கைவிரித்துவிடுகிறது. காரில் டயர் தேய்ந்தால் யாரும் காரைத் தூக்கி எறிவதில்லை. வயரில்லாத வீட்டுச் சாதனங்களில் மட்டும் அது அன்றாடம் நடக்கிறது.

இந்தியாவில் இது இப்போது சின்ன விஷயமல்ல. 1982ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஜமுக்காளத்தின் மேல் தூசியைக் கொட்டி இழுத்துக் காட்டிய நாட்களில் வாக்குவம் கிளீனர் என்றால் சக்கரம் வைத்த உருளை, நீண்ட வயர், காதைப் பிளக்கும் சத்தம். பேட்டரி என்ற பேச்சே இல்லை. காரைச் சுத்தம் செய்யும் சின்னக் கருவிகள் பிறகு வந்தன. 2018ல் டைசன் நிறுவனம் இந்தியச் சந்தையில் நுழைந்த பிறகு வயரில்லாத கருவி நடுத்தர வர்க்கத்தின் ஆசைப் பட்டியலில் இடம்பிடித்தது. மலிவு விலை நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அப்படி வாங்கப்பட்டவை ஒவ்வொன்றாக மூச்சு வாங்கும் பருவத்துக்கு வருகின்றன.

தூசி தட்டிய வரலாறு

மின்கலத்தில் ஓடும் கையடக்க வாக்குவம் கிளீனரைப் பெரும் வணிகமாக்கியது அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம். 1961ல் வயரில்லாத துளைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த நிறுவனம், 1979ல் 'டஸ்ட்பஸ்டர்' என்ற பெயரில் தூசி உறிஞ்சியை அறிமுகப்படுத்தியது. சுவரில் மாட்டிய தாங்கியில் எப்போதும் சார்ஜில் தொங்கும். சாதம் சிந்தினாலும் சர்க்கரை கொட்டினாலும் எடுத்து ஒரு இழுப்பு, மறுபடி மாட்டிவிடலாம்.

அதற்கு உயிர் கொடுத்தது நிக்கல்-காட்மியம் செல். ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899ல் கண்டுபிடித்த ரகம். முரட்டுத்தனமானது, மலிவானது, ஒரேயடியாக நிறைய மின்சாரம் தரக்கூடியது. குறை என்னவென்றால் காட்மியம் நஞ்சு. ஜப்பானின் டோயாமா பகுதியில் சுரங்கக் கழிவிலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம், வயல் வழியாக அரிசிக்குள் போய், எலும்புகளை நொறுக்கும் 'இத்தாய்-இத்தாய்' நோயை உண்டாக்கியதை 1968ல் அந்த நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ல் வீட்டு உபயோக சாதனங்களில் காட்மியம் செல்களுக்குத் தடை போட்டது. கை மின்கருவிகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட விலக்கும் 2016 இறுதியில் முடிந்தது.

இடையில் வந்தது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. இறுதியில் மேடையைப் பிடித்தது லித்தியம்-அயான். 1991ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ரகம், அதன் மூலகர்த்தாக்களான குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஆக, ஒரு வீட்டின் பரணில் கிடக்கும் கருவிக்குள் இருப்பது மூன்றில் எந்த ரகம் என்பது, அது வாங்கப்பட்ட ஆண்டையும் விலையையும் பொறுத்த விஷயம். பேட்டரி மாற்ற நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைத்தான்.

குற்றவாளி யார்?

எல்லாப் பழியையும் பேட்டரி மீது போடுவதற்கு முன் வேறு இரண்டு பேரை விசாரிக்க வேண்டும். முதல் சந்தேகம் வடிகட்டி. இந்திய வீட்டுத் தூசி மாவைப் போல மெல்லியது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்று போக வழியின்றி மோட்டார் விட்டு விட்டு உறுமும். பாதுகாப்புச் சுற்று உள்ள கருவிகளில் தானாகவே நின்றும் போகும். வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சில விநாடி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கழுவக்கூடிய வடிகட்டியாக இருந்தால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் சார்ஜர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். சார்ஜரின் மேல் அச்சிட்ட வோல்டேஜ் அதன் முனையில் வருகிறதா என்று பார்த்துவிடலாம். தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டும் நிரபராதி என்றால் குற்றவாளி பேட்டரிதான். அதிலும் பெரும்பாலும் எல்லா செல்களும் ஒன்றாகச் சாவதில்லை. செல்கள் ஒன்றின்பின் ஒன்றாக வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன. நிக்கல் ரகம் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். லித்தியம் ரகம் 3.6 வோல்ட். கருவியின் மேல் 7.2 என்றிருந்தால் ஆறு நிக்கல் செல் அல்லது இரண்டு லித்தியம் செல். 21.6 என்றிருந்தால் ஆறு லித்தியம் செல். ஏற்றக் கட்டிய மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் தண்ணீர் மேலே வராது என்பதுபோல, வரிசையில் ஒரு செல் சோர்ந்தாலும் மொத்த பேக்கும் நின்றுவிடும்.

"அப்படியானால் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?" என்பது சிக்கனக்காரர்களின் நியாயமான கேள்வி. போதாது. பழைய செல்களுக்கும் புதிய செல்லுக்கும் கொள்ளளவு வேறுபடும். ஒன்று காலியாகும்போது மற்றது பாதி நிறைந்திருக்கும். ஒன்று நிரம்பும்போது மற்றது காத்திருக்கும். சில மாதங்களில் அடுத்த செல் படுக்கும். மாற்றினால் ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த செல்களாக மொத்தமும் மாற்ற வேண்டும்.

நான்கு திருகாணி, ஒரு போட்டோ

மாற்றும் வேலை மூன்று வகை. மிகச் சுலபமானது, பேக்கே தனியாகக் கழன்று வரும் கருவிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் அல்லது இரண்டு திருகாணியைக் கழற்றினால் பேட்டரி பெட்டி கையோடு வரும். அதே மாடலுக்கான புதிய பேக்கை வாங்கி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. எட்டாம் வகுப்புப் பையன் செய்துவிடலாம்.

இரண்டாவது வகை, பழைய டஸ்ட்பஸ்டர் பாணிக் கருவிகள். திருகாணிகளை நீக்கினால் பிளாஸ்டிக் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளே உருண்டையான நிக்கல் செல்கள், உலோகப் பட்டைகளால் இணைக்கப்பட்டு, மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் போகும் வயர்கள் ஈயப்பற்றில் ஒட்டியிருக்கும். இங்கே முதல் வேலை, எதையும் தொடுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுப்பது. எந்த வயர் எந்தப் பக்கம், எந்த செல் தலைகீழாக என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் மறந்துபோகும். நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சார்ஜர் செல்களைப் பாழாக்கும்.

இந்த ரகத்தில் அதிகம் பயன்படுவது 'சப்-சி' எனப்படும் அளவு. சுமார் 23 மில்லிமீட்டர் குறுக்களவு, 43 மில்லிமீட்டர் உயரம். பட்டை ஏற்கெனவே ஒட்டப்பட்ட செல்களாகக் கேட்டு வாங்கினால் வீட்டுப் பற்றுக்கோலே போதும். பட்டையில்லாத செல்லின் தலையில் நேரடியாகப் பற்றுக்கோலை வைப்பது, அதன் அடைப்பை உருக்குவதற்குச் சமம். காட்மியத்துக்குப் பதில் மெட்டல் ஹைட்ரைடு போடலாம், வோல்டேஜ் ஒன்றுதான். ஆனால் அது அளவுக்கு மீறிய சார்ஜைத் தாங்காது. பழைய பாணிச் சார்ஜர் நிரம்பிய பிறகும் மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், நாள் முழுக்க மாட்டி வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். நிக்கல் சார்ஜரில் லித்தியம் செல்லை இணைப்பது மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. அது தீயை விலை கொடுத்து வாங்குவது.

மூன்றாவது வகைதான் கஷ்டமானது. ஒட்டி மூடிய லித்தியம் பேக். உள்ளே விரல் அளவு '18650' செல்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் ரகசியம். கூடவே ஒரு மின்னணுப் பலகை. எந்த செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாமலும், பாதாளத்துக்கு இறங்காமலும், சூடாகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்த செல்களை இணைப்பது ஈயப்பற்று அல்ல, ஸ்பாட் வெல்டிங். மெல்லிய நிக்கல் பட்டையை செல்லின் மேல் வைத்து, மில்லிவிநாடி நேரம் மட்டும் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சி ஒட்டுவார்கள். செல்லுக்குள் சூடு இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். வீட்டு மேஜையில் பார்க்கிற வேலை அல்ல இது.

ரிச்சி தெருவும் லாஜ்பத் ராயும்

வீட்டில் முடியாத இந்த வேலைக்குத்தான் நாட்டின் மின்னணுச் சந்தைகள் இருக்கின்றன. டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட், தெற்கே நேரு பிளேஸ். மும்பையில் லாமிங்டன் ரோடு. பெங்களூரில் எஸ்.பி. ரோடு. கொல்கத்தாவில் சாந்தினி சவுக். சென்னையில் ரிச்சி தெரு. லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் மாற்றிப் பழகிய கைகள்தான் இப்போது துளைக்கருவி, ஸ்பீக்கர், வாக்குவம் கிளீனர் என்று எல்லாவற்றையும் பிரிக்கின்றன. முறையான படிப்பு இருக்காது. ஆனால் ஓட்டின் விளிம்பில் எங்கே தட்டினால் உடையாமல் திறக்கும் என்பது விரலுக்குத் தெரியும்.

அவர்களுக்குப் புதிய தலைவலி கொடுப்பது மேற்சொன்ன மின்னணுப் பலகை. சில பேக்குகளில் செல்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் பலகை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிறது. செல்களைப் புதிதாகப் போட்டாலும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காக என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பழுதுபார்ப்பவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பூட்டும் அதுவே.

நிறுவனத்தின் அசல் பேக்கை வாங்கலாமே என்றால் விலை குறுக்கே வரும். மலிவுக் கருவிகளில் பேட்டரிக்கும் சர்வீஸ் கட்டணத்துக்கும் கொடுப்பதற்குக் கொஞ்சம் கூடப் போட்டால் புதுக் கருவியே வந்துவிடும். சில மாடல்களுக்கு உதிரிபாகமே கிடைக்காது. வீட்டு நிதியமைச்சர்கள் பலரும் புதியதை வாங்க முடிவு செய்வது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான்.

பொய் சொல்லும் உறை

மலிவான மூன்றாவது வழி, பெயர் தெரியாத நிறுவனங்களின் மாற்று பேக். இங்கேதான் வாங்குபவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 18650 அளவு செல் ஒன்றில் அடைக்கக்கூடிய மின்சாரத்துக்கு எல்லை உண்டு. நல்ல நிறுவனங்களின் செல்கள் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை தருகின்றன. உறையில் 9,800 என்று அச்சிட்டிருந்தால் அது செல் அல்ல, கற்பனை. தூக்கிப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். நல்ல செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். லேசாக இருந்தால் உள்ளே சரக்கு குறைவு.

இன்னொரு ஏமாற்று, பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்லுக்குப் புதிய பிளாஸ்டிக் உறை மாட்டுவது. செல் பழையதாக இல்லாவிட்டாலும் அது இந்த வேலைக்கு ஆகாது. லேப்டாப் ஒரு நேரத்தில் சிறிதளவே மின்சாரம் கேட்கும். வாக்குவம் கிளீனரின் மோட்டாரோ, குறிப்பாக 'மேக்ஸ்' வேகத்தில், 15, 20 ஆம்பியர் கூட உறிஞ்சும். கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்கிய செல் அந்த வேகத்தில் சூடாகித் திணறும். 'எவ்வளவு நேரம் தரும்' என்பதோடு 'எவ்வளவு வேகமாகத் தரும்' என்றும் கேட்டு வாங்க வேண்டிய பொருள் இது.

இந்தியாவில் விற்கப்படும் கையடக்க சாதனங்களின் செல்களும் பேட்டரிகளும் ஐ.எஸ். 16046 தரநிலைப்படி இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் முத்திரையும் பேக்கின் மேல் இருக்கும். முத்திரை, பில், உத்தரவாதம் மூன்றும் இல்லாத பேக்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பயம் காட்டுவதற்காகச் சொல்வதல்ல. லித்தியம் செல்லுக்குள் நேர்த்தகடும் எதிர்த்தகடும் தலைமுடியைவிட மெல்லிய படலத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. திருப்புளி வழுக்கிக் குத்தினாலும், இரு முனைகளும் உலோகத்தில் பட்டாலும் உள்ளே சூடு பெருகி, அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கி, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். உப்பியிருந்தாலோ, இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலோ, பேக்கைச் சார்ஜ் செய்யவும் கூடாது, திறக்கவும் கூடாது.

செத்தபின் எங்கே?

கழற்றிய பழைய பேட்டரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. குப்பைத் தொட்டியில் விழுந்தால், குப்பை லாரியின் அழுத்துப் பலகைக்குள் நசுங்கித் தீப்பிடிக்கலாம். காயலான் கடைக்குப் போனால் வடகிழக்கு டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் கையுறைகூட இல்லாத தொழிலாளிகளின் சுத்தியலுக்கு அடியில் வரலாம். உலகம் 2022ல் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. கழிவை உண்டாக்கும் நாடுகளில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

சட்டம் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. 2001ல் வந்த பேட்டரி விதிகள் கார், இன்வர்ட்டர்களில் இருக்கும் ஈய-அமில ரகத்தை மட்டுமே கண்டுகொண்டன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் எல்லா ரகங்களையும் வளைத்துப் பிடித்தன. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர், இறக்குமதியாளரின் பொறுப்பு. புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. கையடக்க பேட்டரிகளிலிருந்து மீட்க வேண்டிய பொருட்களின் அளவை 2026-27 முதல் 90 சதவீதமாக விதிகள் நிர்ணயித்திருக்கின்றன. பேட்டரியின் மேல் இருக்கும் குறுக்குக்கோடிட்ட குப்பைத் தொட்டிப் படத்தின் பொருளும் இதுதான்: இங்கே போடாதே.

பழுதுபார்க்கும் உரிமை பற்றியும் பேச்சு தொடங்கியது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் உதிரிபாகங்கள், சர்வீஸ் மையங்கள், உத்தரவாத விவரங்களை அதில் வெளியிட வேண்டும் என்பது நோக்கம். கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது வரவில்லை. பொருட்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் தரும் திட்டத்துக்கான குழுவின் அறிக்கை 2025ல் அரசின் கைக்கு வந்தது. முதல் கட்டமாக அது குறிவைத்தது ஸ்மார்ட்போன்களையும் டேப்லெட்டுகளையும்தான். பிரான்ஸ் அப்படி மதிப்பெண் தரும் முறையை 2021ல் தொடங்கி, 2022 நவம்பரிலேயே வாக்குவம் கிளீனர்களையும் அதில் சேர்த்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023ல் நிறைவேற்றிய சட்டத்தில் 2027 பிப்ரவரி 18ஐக் கெடுவாக வைத்தது. அன்று முதல் விற்கப்படும் கையடக்க சாதனங்களின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். சூடுகாட்டிப் பெயர்க்கும் பசை கூடாது. மாடல் சந்தையிலிருந்து போன பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். பொருத்தமான வேறு பேட்டரியை ஏற்க மறுக்கும் மென்பொருள் பூட்டும் கூடாது. அங்கே விற்பதற்காக மாற்றப்படும் அச்சுகளில் இங்கே வரும் கருவிகளும் வார்க்கப்பட்டால் இந்திய நுகர்வோருக்கும் லாபம். ஆனால் அதை உறுதி செய்ய டெல்லியில் யாராவது பேனாவை எடுக்க வேண்டும்.

அதுவரை நுகர்வோரின் கையில் இருக்கும் ஆயுதங்கள் சில. வாங்கும்போது கடைக்காரரிடம் உறிஞ்சும் சக்தியைக் கேட்பதோடு, பேட்டரி தனியாகக் கழலுமா, தனியாக என்ன விலை, அதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்றும் கேட்பது. உத்தரவாதக் காலத்துக்குள் கருவியைத் திறக்காமல் நிறுவனத்திடமே கொண்டுபோவது, மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வது. மே மாத வெயிலில் கார் டிக்கியில் கருவியைப் போட்டு வைக்காமல் இருப்பது, ஏனெனில் லித்தியத்துக்கு முதல் எதிரி வெப்பம். மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் முழு சார்ஜிலோ முழுக் காலியாகவோ விடாமல் பாதியளவில் வைப்பது. கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மையத்திலோ நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுப்பது.

தையல்காரர், சைக்கிள் கடைக்காரர், ரேடியோ மெக்கானிக் என்று எதையும் பிழைக்க வைக்கும் கைகள் தெருவுக்குத் தெரு இருந்த நாடு இது. அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. அவை திறக்கக்கூடிய திருகாணிகள் கருவிகளில் இருக்குமா என்பதைத்தான் தயாரிப்பாளர்களும் அரசும் முடிவு செய்ய வேண்டும்.